கதவு எங்கே இருக்கிறது?

ஒரு காட்சியோடு தொடங்குகிறேன், தோழர்களே! நாடகம் எழுதுகிறவனின் கைப்பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியதொரு விடுதி. அதன் முகப்புக் கூடத்தில் ஒரு மனிதர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கிறார். வயது நாற்பதை எட்டவில்லை. வந்த காரியம் தோற்றது, உடன்வந்தோர் ஊர் திரும்பினர், கையிருப்போ கரைந்துகொண்டிருக்கிறது. கூடத்தின் ஒரு கோடியில் மதுச்சாலை — விளக்கொளி, வெடிச்சிரிப்பு, கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசை. மறுகோடியில் ஒரு தொலைபேசி. அருகே அவ்வூர்த் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியல். அந்த மனிதர் பெருங்குடியர். ஐந்து திங்களாகத்தான் குடியைத் தொடாதிருக்கிறார். அன்று மாலை, தோல்வி அவர் தோளில் கைபோட்டு அழைக்கிறது: "வா, ஒரே ஒரு குவளை!" கால் மதுச்சாலைப் பக்கம் திரும்புகிறது, கை தொலைபேசியைத் தேடுகிறது. எது வென்றது — காலா, கையா?

கற்பனையன்று இது. 1935-ஆம் ஆண்டு மே திங்களில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ரப்பர் தொழிலால் வளர்ந்த அக்ரன் நகரில், மேஃப்ளவர் என்னும் விடுதியில் நடந்தது. அந்த மனிதர், நியூயார்க் நகரில் பங்குச்சந்தைத் தொழில் பார்த்துவந்த பில் வில்சன். கைதான் வென்றது. பட்டியலிலிருந்த பாதிரியார் ஒருவரை அழைத்தார். அவர் கேட்டது கடனா? இல்லை. வேலையா? இல்லை. ஆறுதல் மொழியா? அதுவுமில்லை. இந்த ஊரில் என்னைப்போல் குடியோடு மல்லாடும் ஒருவர் எங்கேயிருக்கிறார், அவரோடு நான் பேசவேண்டும் — இதுதான் வேண்டுகோள்!

விந்தையான வேண்டுகோள் என்கிறீர்களா? காரணம் இருந்தது. அந்த ஐந்து திங்களில் குடிகாரர் பலரைத் தேடிச் சென்று திருத்த முயன்றிருந்தார் வில்சன். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால், பேசப் போன தாம் மட்டும் குடிக்காமலிருந்தார்! அந்த உண்மை அந்தக் கூடத்தில் அவருக்கு உறைத்தது. பாதிரியார் சில பெயர்களைத் தந்தார். அவற்றின் வழியே ஹென்ரியேட்டா சைபர்லிங் என்னும் அம்மையாரை அடைந்தார். அம்மையார், அவ்வூர் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தைக் காட்டினார். பிறர் உடலைக் கத்தியால் காப்பாற்றிய கை, குடியால் நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. "கால் மணி நேரம், அதற்குமேல் இல்லை" என்று நிபந்தனை போட்டுக்கொண்டு வந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்குமேல் பேசிவிட்டுப் போனார்! அறிவுரை சொல்ல வந்தவரல்லர் எதிரே இருந்தவர். அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர். அதனால் பேச முடிந்தது.

அதற்குப் பிறகும் ஒருமுறை சறுக்கினார் மருத்துவர். எழுந்தார். 1935 ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று குறித்துவைத்திருக்கிறார்கள். 1950-இல் மறையும்வரை மீண்டும் தொடவில்லை. இருவரும் சேர்ந்து, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் போயினர், மூவராயினர். இப்படிப் பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' — பெயர் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகளின் கூட்டுறவு. சுருக்கமாக ஏ.ஏ. என்பர். 1939-இல் அவர்தம் நூல் வந்தது. 1941-இல் ஒரு வார இதழ் அவர்களைப்பற்றிக் கட்டுரை வெளியிட, இரண்டாயிரம் அளவிலிருந்த உறுப்பினர் அவ்வாண்டு முடிவதற்குள் எட்டாயிரமாயினர். 1957-இல் இந்தியாவிலும் வேர்விட்டது. இன்று 180 அளவிலான நாடுகளில் அவர்தம் கூட்டங்கள் நடக்கின்றன. நம் மாவட்டங்களிலும் நடக்கின்றன.

அக்ரன் நகரத்து விடுதிக்கும் நம் ஊர்க் கிளைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்வதற்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

நம் இயக்கத்திலே சுவர் எழுதும் தோழர் ஒருவர். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவர் இசைந்த அளவே சொல்கிறேன். அளவுகோல் வைக்காமல், நூல் பிடிக்காமல், ஆளுயர எழுத்தை ஒரே மூச்சில் தீட்டுவார். விடிந்தெழுந்து பார்த்தால் தெருவே பேசும்! இரவெல்லாம் அவர் எழுத, ஏணி பிடித்தவர்கள் நம்மவர்கள். விடியற்காலையில் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். கூலியோடு ஒரு குவார்ட்டர் புட்டியும் கொடுத்தார்கள். "அண்ணனுக்கு அலுப்புத் தீரட்டும்" என்றார்கள். கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். ஒரு தேர்தலா, இரண்டு தேர்தலா? அலுப்புத் தீரவில்லை, தோழர்களே, ஆள் தீர்ந்துகொண்டிருந்தார்.

இதற்கிடையே நான் ஒரு நாடகம் எழுதினேன். அதிலே ஒரு குடிகாரன் பாத்திரம். தள்ளாடுவான், உளறுவான், மனைவியின் சேலையை அடகுவைத்துவிட்டுத் தத்துவம் பேசுவான். கொட்டகை குலுங்கச் சிரித்தார்கள். என் எழுத்தாற்றலை நானே மெச்சிக்கொண்டேன். ஒருநாள் திரைச்சீலையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் அந்தத் தோழரின் மகள், பத்து வயதிருக்கும். சுற்றிலும் சிரிப்பு, அந்தக் குழந்தையின் முகத்தில் சிரிப்பில்லை. தெரிந்தவரை மேடையில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை அதன்பிறகு நான் மேடையேற்றவில்லை.

ஒரு காலை, அவரே என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். தூரிகை பிடிக்கும் கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார், நடுக்கம் தெரியக்கூடாதாம்! "தோழர், இதை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டாமே? நீங்கள் நாலும் தெரிந்தவர். அது எங்கே இருக்கிறது?" என்றார்.

நாலும் தெரிந்தவன்! கல்லூரியைப் பாதியில் விட்டாலும், கிரேக்கத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன். பிரெஞ்சுப் புரட்சியை நாள்வாரியாகச் சொல்வேன். என் ஊரில், ஒரு மனிதன் குடியிலிருந்து மீள எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை! மதுக்கடை எங்கே என்று கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நான்கு வழி சொல்லியிருப்பேன்.

தேடினேன். பழைய பட்டியல் ஒன்றில் ஒரு முகவரி கிடைத்தது: ஒரு பள்ளிக்கூடம், சனிக்கிழமை மாலை. அழைத்துப் போனேன். வாயிற்கதவில் பூட்டு! காவலாளி சொன்னார்: "அவர்கள் இடம் மாறிப் பல மாதமாயிற்று." நண்பர்களே, அந்தப் பூட்டின் எதிரே நின்ற அரை நாழிகையை நான் மறக்கமாட்டேன். அதே தெருக்கோடியில் மதுக்கடை, வெளிச்சம் வீதிவரை வழிகிறது. அதற்குப் பட்டியல் தேவையில்லை, பாதை கேட்கத் தேவையில்லை. தோழர் என் முகத்தைப் பார்த்தார். அந்த வெளிச்சத்தையும் பார்த்தார். "பரவாயில்லை தோழர், இன்னொரு நாள் பார்ப்போம்" என்றார். இன்னொரு நாள்! அந்தச் சொல்லில் எத்தனை குடும்பங்கள் புதைந்திருக்கின்றன!

தேநீர்க்கடையில் உட்கார வைத்தேன். பட்டியலின் அடியிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் யார் எவர் என்று விசாரிக்கவில்லை; "எங்கே இருக்கிறீர்கள்? அங்கேயே இருங்கள்" என்றார். சிறிது நேரத்தில் வந்து சேர்ந்தார். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளி. என்னைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தோழரின் பக்கத்தில் அமர்ந்து தம் கதையைச் சொன்னார். நான் ஆண்டுக்கணக்கில் மேடையில் பேசியது ஆகாத வேலையை, அந்த மனிதர் ஒரு குவளைத் தேநீரில் செய்தார்!

ஆனால் அவர் சொன்ன முதல் செய்தி கூட்டத்தைப் பற்றியதன்று. "நாளைக் காலை மருத்துவரைப் பாருங்கள்" என்பதே. இதைக் கிளைத் தோழர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். நெடுநாள் நாள்தோறும் குடித்தவர், வீம்புக்காக ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து உண்டு. முதலில் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாட்களில் சித்தப்பிரமை, இல்லாததைக் கண்டு அலறுதல். சில வேளை உயிரையே கொள்ளும். எனவே, மருத்துவர் முதலில். கூட்டம் அதனோடு சேர்ந்து. கூட்டம் மருந்துக்கு மாற்றன்று. மருந்து முடிந்தபின் வரும் நெடுங்காலத்துக்குத் துணை.

அடுத்த மாலை அவரைப் புதிய இடத்தின் வாயில்வரை கொண்டுசென்றேன். அன்று யாரும் வரலாம் என்ற திறந்த கூட்டம். ஆகவே நானும் பின்வரிசையில் அமர்ந்தேன். நோயாளிகள் மட்டுமே கூடும் கூட்டமும் உண்டு. அங்கே நம்மைப் போன்றவர் வாயிலோடு நிற்கவேண்டும். உள்ளே என்ன கண்டேன்? மாலையில்லை, மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை. தலைவர் என்று எவருமில்லை. அன்றைக்கு நடத்துகிறவர் ஒருவர், அவ்வளவே. ஒவ்வொருவராக எழுந்து தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் குடிநோயாளி என்று சொல்லி, நடந்ததைச் சொன்னார்கள். குறுக்கே பேசுவாரில்லை, குற்றம் சாட்டுவாரில்லை. நாளெல்லாம் குடிக்காமலிருப்பேன் என்று சபதம் செய்யச் சொல்லவில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமலிரு என்றார்கள். கட்டணமில்லை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். சாதி கேட்கவில்லை, கட்சியும் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் எதிர்க்கட்சிக்காரர், கண்டுகொண்டோம், காட்டிக்கொள்ளவில்லை!

நாமோ பெயரால் வாழ்கிறவர்கள். சுவரொட்டியில் பெயர் விடுபட்டால் சினம் கொள்கிறவர்கள். அவர்களோ பெயரைக் கழற்றி வாயிலில் வைத்துவிட்டு வருகிறார்கள். 1938-இல் ராக்ஃபெல்லர் என்னும் பெருஞ்செல்வரிடம் பொருள் கேட்டுப் போனபோது, அதிகப் பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்று சொல்லி 5,000 டாலர் மட்டும் தந்தார் அவர். அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது இன்றும் அவர்தம் மரபு. நிதி திரட்டியே பழகிய நமக்கு இது வியப்பு, வியந்துவிட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

இனி, நம்மவர் எழுப்பும் தடைமொழிகளுக்கு வருவோம்.

"குடி ஒழுக்கக் கேடுதானே? மனவுறுதி இருந்தால் விடமாட்டானா?" என்பர் சிலர். அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956-லேயே இதனை நோய் என்று ஏற்று, நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவேண்டும் என்றது. சர்க்கரை நோயாளியை நோக்கி 'மனவுறுதி கொள்' என்று சொல்லி அனுப்பிவிடுவோமா? வள்ளுவர் 93-ஆவது அதிகாரம் முழுவதையும் கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கினார்; எச்சரித்தார். எச்சரிக்கையைக் கேட்காமல் விழுந்துவிட்டவனைத் தூக்கும் வேலை, பக்கத்தில் இருப்பவர்களுடையது.

"அங்கே கடவுளைச் சொல்கிறார்களாமே, பகுத்தறிவாளன் எப்படிப் போவான்?" என்று கேட்டார் ஓர் இளந்தோழர். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்வேன். ஆம், அவர்தம் பன்னிரண்டு படிகளில் அச்சொல் வருகிறது. ஆனால் தொடக்கத்திலேயே அவர்களிடையே நாத்திகரும் இருந்தனர். அவர்கள் வாதாடியதால்தான், அவரவர் புரிந்துகொண்ட வகையில் என்ற தளர்வு அதே வரியில் சேர்க்கப்பட்டது. தன்னைவிடப் பெரியதொன்று என்பதற்கு, கூடியிருக்கும் அந்தக் குழுவையே பொருளாகக் கொள்வோர் உண்டு. அதுவும் ஒவ்வாதவர்க்கு, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி போன்ற சமயச் சார்பற்ற முறைகளும் இருக்கின்றன. பயன் உண்டா என்பதுதானே பகுத்தறிவாளன் கேட்கவேண்டிய கேள்வி? 2020-இல் காக்ரேன் என்னும் ஆய்வமைப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கு மேற்பட்டோரைத் தொகுத்துப் பார்த்து, இடைவிடாமல் குடிக்காதிருக்கச் செய்வதில் இந்த வழியும் இதனோடு இணைக்கும் முறையான சிகிச்சையும் பிற சிகிச்சைகளைவிட மேம்பட்டிருந்தன என்றது. எல்லாருக்கும் பலிக்கும் என்று எவரும் சொல்லவில்லை. எந்த மருந்துதான் எல்லாருக்கும் பலித்தது?

"கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும், கூட்டம் எதற்கு?" என்பர் வேறு சிலர். 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணமெங்கும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, பின்னர் மீண்டது, மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது. அந்த வாதத்தை மேடையில் வைத்துக்கொள்வோம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் அது தீருமட்டும் இன்று மாலை கை நடுங்க நிற்கிறவன் என்ன செய்வான்? சட்டம் வரும்வரை காத்திரு என்று அவன் மகளிடம் யார் சொல்வது?

கணக்கைக் கேளுங்கள். 2019-இல் நடுவண் அரசு வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, தீங்கு தரும் வகையில் குடித்து உதவி வேண்டி நிற்போர் 5.7 கோடிக்கு மேல் என்றது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார் என்றும் சொன்னது. முப்பத்தேழு பேர் எங்கே? கதவு இருப்பதே அறியாதவர், அறிந்தும் வெட்கப்பட்டவர், என்னைப்போல் ஒருவன் பழைய முகவரியைக் கொடுத்ததால் பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்!

வெட்கத்தைத் துணிவாக்கிக் காட்டியவரும் நம் மண்ணிலேயே உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், குடும்ப மானம் என்று மூடிமறைக்காமல், 1980-இல் சென்னையில் அவர் பெயரிலேயே மீட்பு மையம் அமைத்தார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு பெண்ணின் துயரம் ஊருக்கு ஒரு கதவாயிற்று.

பெண்களைச் சொன்னேன், அவர்களுக்கும் தனிக் கூட்டம் உண்டு என்பது பலர் அறியாதது. வில்சனின் துணைவியார் லோயிஸ் முன்னின்று, 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென அல்-அனான் அமைப்பை உருவாக்கினார். கணவன் வர மறுத்தாலும் மனைவி போகலாம். புட்டியை ஒளித்துவைத்தும், கடனை அடைத்தும், அலுவலகத்துக்குப் பொய் சொல்லியும் களைத்தவர்கள், தாம் தனியரல்லர் என்று அங்கே அறிகிறார்கள்.

ஆகவே, கிளைச் செயலாளர்களே, படிப்பகத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். இந்த வாரத்துக்குள் முடிக்கக்கூடியது.

முதலாவது: உங்கள் ஊருக்கு அருகே கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கண்டறியுங்கள். தேவாலயத்துக் கூடத்தில் நடக்கும், பள்ளியறையில் நடக்கும், மருத்துவமனையின் ஓர் அறையில் நடக்கும். பட்டியலை நம்பி நின்றுவிடாதீர்கள், பட்டியல் பழையதாகும். அந்த நாளில், அந்த நேரத்தில் நேரில் போய்க் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சில திங்களுக்கொருமுறை மீண்டும் பாருங்கள்.

இரண்டாவது: அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்த நாளில் நோயாளிகளைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. படிப்பகத்தில் செய்தித்தாள் வைக்கும் மேசைமேல் இவற்றை எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது: முதல் நாள் தனியே அனுப்பாதீர்கள். வாயில்வரை ஒருவர் உடன் போகவேண்டும். போனவர், போனதைப் பிறரிடம் சொல்லக்கூடாது. பாராட்டுக் கூட்டம் வேண்டாம், பத்திரிகைச் செய்தி வேண்டாம், படமெடுத்துப் பரப்பவே வேண்டாம். பெயரில்லாமை அந்த நோயாளிக்குப் போர்வை. நாம் அதை உருவினால் அவர் மறுபடி இருட்டுக்குத்தான் போவார்.

நான்காவது, இதுதான் கடினம்: கூலியைக் காசாகக் கொடுங்கள், புட்டியாகக் கொடுக்காதீர்கள். கொடி கட்டியவர், சுவர் எழுதியவர், ஊர்தி ஓட்டியவர் எல்லாருக்கும் சோறு கொடுங்கள், தேநீர் கொடுங்கள், பேசிய தொகையைக் குறையாமல் கொடுங்கள். ஒரு கையால் புட்டி நீட்டிவிட்டு மறுகையால் மீட்பு மையத்தின் முகவரி எழுதுவது எனக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

சுவர் எழுதும் தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதல் மூன்று திங்களில் ஒருமுறை சறுக்கினார். அன்றிரவே, தேநீர்க்கடைக்கு வந்த அந்தத் தொழிலாளி போய் அழைத்து வந்தார். இப்போது போகிறார், கிழமை தவறாமல் போகிறார். வென்றுவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். அவரே அப்படிச் சொல்வதில்லை. "இன்று குடிக்கவில்லை, தோழர்" என்று மட்டும் சொல்கிறார். சென்ற திங்களில், அவர் வேறொருவரை அந்தக் கதவுக்கு அழைத்துப் போனார் என்று கேள்விப்பட்டேன். யாரென்று நான் கேட்கவில்லை.

அக்ரன் நகரத்து விடுதியின் கூடம் இன்று நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது, தோழர்களே! ஒரு கோடியில் வெளிச்சம் கொட்டும் கடை. மறுகோடி பல ஊர்களில் வெறுமையாய்க் கிடக்கிறது. அங்கே ஒரு தொலைபேசியாய், ஒரு முகவரியாய், உடன் நடக்கும் ஓர் ஆளாய் உங்கள் கிளை இருக்கவேண்டும். நடுவே நிற்கிறவனுக்கு அதிக நேரமில்லை. வரும் சனிக்கிழமை மாலை போய், கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.